"மூன்றாம் நாள்" என்றால் எந்த நாள்? பெப்டைடு ஆய்வு அட்டவணை போடும் முறை

புதுச்சேரியில் ஒரு லேபில் நான் புதிதாகச் சேர்ந்திருந்த சமயம். திங்கட்கிழமை காலை 10 மணிக்கு செல்களில் பெப்டைடு (அமினோ அமிலங்கள் கோத்த சின்னச் சங்கிலி) சேர்த்தோம். நோட்டில் "மூன்றாம் நாள் சாம்பிள்" என்று இருந்தது. நான் புதன்கிழமை எடுத்தேன். கூட வேலை பார்த்த அண்ணன் வியாழக்கிழமை எடுத்தார். வீட்டில் நல்லது கெட்டதுக்கு நாள் எண்ணும்போது முதல் நாளையும் சேர்த்துத்தானே எண்ணுவோம்? நான் அப்படியே எண்ணிவிட்டேன்.

அதனால் முதல் வேலை சொற்களை முடிவு செய்வது. எக்செல் எல்லாம் அப்புறம்.

பெப்டைடு சேர்த்த நேரம் "0 மணி". அதன்பின் 24, 48, 72 என்று மணிக்கணக்கில் மட்டும் எழுதுங்கள். பக்கத்தில் தேதியும் கிழமையும். வியாழக்கிழமை தொடங்கினால் 72 மணி ஞாயிறில் போய் விழும். தொடங்கும் முன்பே காலண்டரைப் பாருங்கள். பொங்கல் வாரத்தில் யாரும் சாம்பிள் எடுக்க வரமாட்டார்கள்.

அடுத்து அலகு. தமிழில் சுருக்கினால் மி.கி., மை.கி. இரண்டுக்கும் ஒரு எழுத்துதான் வித்தியாசம், அளவிலோ 1000 மடங்கு. "மைக்ரோகிராம்" என்று முழுசாக எழுதிவிடுங்கள். அதேபோல் மருந்துக்குப்பியைச் சொல்லும் ஆங்கில vial-ஐ "வயல் 3" என்று எழுதாதீர்கள், நெல் விளையுமா என்று கேட்பார்கள். "குப்பி 3" போதும். "டோஸ்" என்ற சொல்லும் வேண்டாம். இந்தப் பெப்டைடுகள் ஆய்வுக்கு மட்டுமான பொருள்கள், உடம்பில் போடுவதற்கல்ல. செல்களுக்குக் கொடுப்பது "செறிவு".

இனி ஒவ்வொரு குப்பிக்கும் ஒரு வரி: பெயர், லாட் நம்பர் (எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று காட்டும் எண்), வந்த தேதி, தூய்மை, நிகர பெப்டைடு அளவு. கடைசி இரண்டும் ஒன்றல்ல, புதியவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். தூய்மை 98% என்றால் அதிலுள்ள பெப்டைடுகளில் 98% நமக்கு வேண்டியது என்று அர்த்தம். பொடியில் உப்பும் ஈரமும் தனியாக இருக்கும், அவை இந்தக் கணக்கில் வராது. குப்பியில் 5 மில்லிகிராம் பொடி, நிகர அளவு 80% என்றால் கையில் உள்ள பெப்டைடு 4 மில்லிகிராம்தான். மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் செறிவு வேண்டுமா? 4 மில்லிலிட்டர் ஊற்றுங்கள். 5 ஊற்றினால் 0.8 ஆகிவிடும், அதை வைத்துச் செய்த சோதனை எல்லாமே தள்ளிப் போகும்.

குப்பியை பிரீசரிலிருந்து எடுத்ததும் திறக்கக் கூடாது. நம் கடற்கரைக் காற்றில் குளிர்ந்த பாட்டில் எப்படி வியர்க்கிறது? அந்த ஈரம் பொடியில் இறங்கும். மூடியபடியே அறை வெப்பத்துக்கு வரட்டும். அட்டவணையில் "வெளியே எடுத்த நேரம்", "திறந்த நேரம்" என இரண்டு கட்டம் வையுங்கள்.

கரைத்ததும் சின்ன டியூப்களில் பிரித்துவிடுங்கள். லேபில் இதை அலிக்வாட் என்பார்கள். உறைந்து உருகி, மறுபடி உறைந்தால் பல பெப்டைடுகள் கெட்டுப்போகும். ஒரு டியூப், ஒரே உபயோகம். மிச்சத்தைத் திரும்ப வைக்காதீர்கள். கரைத்த தேதி, செறிவு, கரைப்பான் மூன்றையும் டியூப் மேலேயே அழியாத பேனாவில் எழுதுங்கள். மாஸ்கிங் டேப் குளிரில் உரிந்து வந்துவிடும். பெயர் தெரியாத ஏழு டியூபை நான் குப்பையில் போட்டிருக்கிறேன்.

அட்டவணையின் கடைசிக் கட்டம் "நடந்தது". திட்டத்தில் 72 மணி, எடுத்தது 74 மணிக்கு என்றால் 74 என்றே எழுதுங்கள். கரண்ட் போய் பிரீசர் சூடேறியிருந்தால் எத்தனை மணி நேரம் என்பதும் அங்கேதான். பழைய எண்ணை அழிக்காமல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் புதியதை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.