அமெரிக்காவில் காப்பீடு இல்லாமல் தடுப்பூசி: தேவையில்லாமல் பணம் போகும் இடங்கள்

அமெரிக்காவில் மருத்துவக் காப்பீடு இல்லாத குழந்தைகளுக்குத் தடுப்பூசி மருந்தை மத்திய அரசே வாங்கித் தருகிறது. 1989 முதல் 1991 வரை அங்கே தட்டம்மை பரவி சுமார் 55,000 பேரைத் தாக்கியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மருத்துவரிடம் போய்வந்த குழந்தைகளில்கூடப் பலருக்கு ஊசி போடப்படவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அதன் விளைவாக 1993இல் சட்டம் இயற்றி, 1994 அக்டோபரில் 'வாக்சின்ஸ் ஃபார் சில்ட்ரன்' (வி.எஃப்.சி.) திட்டத்தைத் தொடங்கினார்கள். காப்பீடு இல்லாதவர்கள், மெடிகெய்டுக்கு (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) தகுதியுள்ளவர்கள், காப்பீடு இருந்தும் அது தடுப்பூசிக்குப் பணம் தராதவர்கள், அமெரிக்கப் பூர்வகுடிகள் ஆகிய பிரிவுகளில் வரும் பிள்ளைகளுக்கு 19ஆவது பிறந்தநாள் வரை இது உண்டு. இப்படி ஒரு திட்டம் இருந்தும் பல குடும்பங்கள் கைக்காசு கொடுக்கின்றன, அல்லது ஊசியையே தள்ளிப்போடுகின்றன.

முதல் குழப்பம் 'இலவசம்' என்பதில் வருகிறது. ஒரு ஊசிக்கு மூன்று கட்டணங்கள் வரலாம்: மருந்தின் விலை, ஊசி போடும் கட்டணம், மருத்துவரைப் பார்க்கும் கட்டணம். வி.எஃப்.சி.யில் மருந்துக்கு ஒரு காசுகூட வாங்கக் கூடாது. ஊசி போட வாங்கலாம். அதற்கு மாநிலம்தோறும் உச்சவரம்பு உண்டு, பெரும்பாலும் டோஸுக்கு இருபது சொச்சம் டாலர். அதைக் கட்ட முடியாவிட்டால் அங்கேயே சொல்லிவிடுங்கள். வழக்கமாக வரும் குழந்தைக்கு அந்தக் காரணத்தைக் காட்டி ஊசியை மறுக்கக் கூடாது. பிறகு பில் அனுப்பினாலும் 90 நாளுக்குள் ஒரே ஒரு முறைதான் அனுப்பலாம், கடன் வசூல் நிறுவனத்திடம் ஒப்படைக்கக் கூடாது. ஆனால் மருத்துவரைப் பார்க்கும் கட்டணத்துக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. வீட்டுக்கு வந்து அதிரவைக்கும் பில் பெரும்பாலும் அதுதான். நேரம் குறிக்கும்போதே "ஊசி மட்டும் போட வருகிறோம், மருத்துவரைப் பார்க்காமல் நர்ஸே போடும் 'நர்ஸ் விசிட்'டாகத் தர முடியுமா, மொத்தம் எவ்வளவு ஆகும்?" என்று கேட்டுவிடுங்கள்.

இதைவிடப் பெரிய தவறு, கிடைத்த மருத்துவரிடம் போட்டுக்கொண்டு, பிறகு அரசிடம் பணத்தைத் திரும்பப் பெறலாம் என்று நினைப்பது. அப்படி ஒரு வழியே இல்லை. திட்டத்தில் சேர்ந்த மருத்துவரிடம் அரசு தந்த மருந்தும் தனியார் மருந்தும் தனித்தனி இருப்பாக இருக்கும். எதிலிருந்து எடுப்பது என்பதை, நுழைந்தவுடன் உங்களிடம் கேட்கும் கேள்விகளே தீர்மானிக்கின்றன. தனியார் இருப்பிலிருந்து போட்ட ஊசியின் பில்லைப் பிறகு மாற்றுவது மிகக் கடினம். ஆகவே தொலைபேசியிலேயே இரண்டு கேள்விகள்: "நீங்கள் வி.எஃப்.சி.யில் இருக்கிறீர்களா? காப்பீடு இல்லாத புதிய குழந்தைகளைச் சேர்க்கிறீர்களா?" இரண்டாவது கேள்வியை விட்டுவிடுவதால்தான் பலர் போய்த் திரும்பி வருகிறார்கள். இடம் தெரியாவிட்டால் உங்கள் கவுன்ட்டி (நம் மாவட்டம் போன்றது) சுகாதாரத் துறை சொல்லும்.

அந்த நுழைவுக் கேள்விகளுக்குப் "போன தடவை மாதிரியேதான்" என்று பதில் சொல்லிவிடாதீர்கள். வேலை போய்க் காப்பீடு நின்றிருந்தால் ஊசிக்கு முன்பே சொல்ல வேண்டும். பெற்றோரின் வாய்மொழியே போதும். வருமானச் சான்று தேவையில்லை. குடியுரிமை இந்தத் திட்டத்துக்கு நிபந்தனையும் அல்ல. காப்பீடு இருந்தும் அது தடுப்பூசிக்குப் பணம் தராது என்றால் குழந்தைக்குத் தகுதி உண்டு. ஆனால் மத்திய நிதி பெறும் சமூக சுகாதார மையம், ஊரகச் சுகாதார மையம் அல்லது அதற்கு அதிகாரம் பெற்ற இடத்தில் மட்டுமே. 'டிடக்டிபிள்' (காப்பீடு பணம் தரத் தொடங்கும் முன் நாமே கட்ட வேண்டிய தொகை) இன்னும் தீரவில்லை என்பது மட்டும் காரணமாகாது. அந்தக் குழந்தை காப்பீடு உள்ளதாகவே கணக்கில் வரும்.

பதின்பருவத்தினர் விஷயத்தில் நாள் கணக்கு தவறினால் நஷ்டம் பெரிது. 2025 வரையிலான அட்டவணைப்படி, எச்.பி.வி. (கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸுக்கு எதிரான) ஊசியை 15 வயதுக்கு முன் தொடங்கினால் இரண்டு டோஸ், அதன் பிறகு தொடங்கினால் மூன்று டோஸ். மூன்று டோஸ் முடிய வழக்கமாக ஆறு மாதம் ஆகும். பதினெட்டரை வயதைத் தாண்டித் தொடங்கினால் கடைசி டோஸ் 19ஆவது பிறந்தநாளுக்கு அப்புறம் போய் விழும். அதற்குத் திட்டம் பணம் தராது. வெளியில் ஒரு டோஸ் மருந்தே சுமார் 300 டாலர்.

பெரியவர்களுக்கு இப்படி உறுதியான உரிமை எதுவும் இல்லை. '317' என்ற மத்திய நிதியில் மாநிலங்கள் கொஞ்சம் மருந்து வாங்கிக் கவுன்ட்டி கிளினிக்குகளுக்குத் தருகின்றன. இருப்பு தீர்ந்தால் தீர்ந்ததுதான், ஆகவே கிளம்பும் முன் தொலைபேசியில் கேளுங்கள். சமூக சுகாதார மையங்களில் வருமானம் வறுமைக்கோட்டைப் போல இரு மடங்கு வரை இருந்தால் கட்டணச் சலுகை உண்டு. சம்பள ரசீதை எடுத்துப் போங்கள். மருந்தின் விலைக்கும் சலுகை உண்டா என்று தனியாகக் கேளுங்கள். சில மருந்து நிறுவனங்களும் உதவுகின்றன, ஆனால் ஊசிக்கு முன்பே மருத்துவர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். கோவிட் ஊசியைப் பெரியவர்களுக்கு இலவசமாகத் தந்த 'பிரிட்ஜ்' திட்டம் 2024 ஆகஸ்ட்டில் முடிந்துவிட்டது. பழைய குறிப்புகளை நம்பி மருந்துக்கடைக்குப் போகாதீர்கள். கிரீன் கார்டு மருத்துவப் பரிசோதனைக்குப் போகிறவர்கள் எல்லா ஊசிகளையும் அந்த மருத்துவரிடமே போட்டுக்கொள்வதும் வீண் செலவு. கவுன்ட்டி கிளினிக்கில் கிடைப்பதை முன்பே போட்டுக்கொண்டு, பதிவை அவரிடம் காட்டலாம்.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் தடுப்பூசி அட்டையை வீட்டிலேயே விட்டுவந்தால், போட்ட ஊசிகளையே மறுபடி போட நேரும். அட்டையில் 05/08 என்றிருப்பதை அங்கே மே 8 என்றுதான் படிப்பார்கள். மாதத்தின் பெயரை ஆங்கிலத்தில் எழுதித் தனிப் பட்டியலாகக் கொடுங்கள். அரசு மருத்துவமனையில் போட்ட எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லா) ஊசியில் பொன்னுக்குவீங்கிக்கான மருந்து இல்லை; ஒன்பதாம் மாதத்தில் போட்ட முதல் டோஸும் அங்கே கணக்கில் சேராது. 2016 ஏப்ரல் முதல் கொடுத்த போலியோ சொட்டு மருந்தும் அப்படித்தான். ஆகவே சிறு பிள்ளைகளுக்கு எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமானது), போலியோ ஊசிகள் கட்டாயம் கேட்கப்படும் என்று எண்ணி, பள்ளி சேர்க்கைக்குச் சில வாரங்களுக்கு முன்பே வி.எஃப்.சி. மருத்துவரிடம் நேரம் வாங்கிவிடுங்கள். 19 வயதைக் கடந்த கல்லூரி மாணவர்கள், விடுபட்ட எம்.எம்.ஆர். டோஸை ஊரிலேயே போட்டு, தேதியும் மருத்துவர் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு விமானம் ஏறுவதே மலிவு.