சர்வீஸ் நாய் போனதுக்கு அப்புறம்: நினைவா என்ன பண்ணலாம், யாருக்கு காசு கொடுக்கலாம்

மாற்றுத்திறனாளிகளுக்கு உதவப் பழக்கின நாய்தான் சர்வீஸ் நாய். கூடவே இருந்து வழி காட்டின அந்த நாய் இறந்து போயிட்டா பாசம் மட்டும் போகாது, தனியா வெளிய கிளம்புற தைரியமும் சேர்ந்து போயிடும், அதனால "அடுத்த நாய் எப்போ"னு கேக்குறவங்களுக்கு உடனே பதில் சொல்லணும்னு ஒண்ணும் இல்ல.

முதல்ல அது செஞ்ச வேலைய எழுதி வைங்க. போட்டோ எப்படியும் இருக்கும், ஆனா படிக்கட்டுக்கு முன்னாடி எப்படி நிக்கும், கீழ விழுந்த சாவிய கவ்வி எச்சிலோட மடியில எப்படி வைக்கும், ஹார்னஸ் (வேலை நேரத்துல அது உடம்புல மாட்டுற பட்டை) கழட்டினதும் உடம்ப ஒரு உலுக்கு உலுக்கிட்டு எங்க ஓடும், இதெல்லாம்தான் சீக்கிரம் மறக்கும். எழுத வரலன்னா போன்ல பேசி ரெக்கார்ட் பண்ணுங்க. பார்வை இல்லாதவங்களுக்கு போட்டோவால என்ன பிரயோஜனம், காலர் சத்தமும் குரைப்பும்தான் வேணும், அத நாய் இருக்கும்போதே பிடிச்சு வச்சுக்கணும்.

ஹார்னஸ ஃப்ரேம் போடுறதுக்கு முன்னாடி பயிற்சி கொடுத்த இடத்துல ஒரு வார்த்தை கேளுங்க, சில இடத்துல அத திருப்பி வாங்கிப்பாங்க. அப்படியே அந்த நாய குட்டியா வளர்த்துக் கொடுத்த குடும்பத்துக்கும் சேதி சொல்லச் சொல்லுங்க. பல இடத்துல சுமார் 8 வாரக் குட்டியா வாங்கி, ஒரு வருஷத்துக்கு மேல வளர்த்து, அழுதுகிட்டே திருப்பிக் கொடுத்தவங்க அவங்க. எல்லாரும் அவங்கள மறந்துடறாங்க, எனக்கு அதுல ரொம்ப வருத்தம் உண்டு.

அடுத்து காசு. முதல் உலகப்போர்ல கண்ணு போன சிப்பாய்களுக்காக 1916ல ஜெர்மனியில ஓல்டன்பர்க்ல ஆரம்பிச்சது இந்த வழிகாட்டி நாய் பயிற்சி, 1929ல அமெரிக்காவுல 'தி சீயிங் ஐ'ங்கிற பள்ளி வந்துச்சு, இன்னைக்கும் இந்த மாதிரி பள்ளிகள் பெரும்பாலும் நன்கொடையிலதான் ஓடுது. கொடுக்குறதுக்கு முன்னாடி அந்த அமைப்பு, இந்த மாதிரி பள்ளிகள சோதிச்சு அங்கீகரிக்கிற 'அசிஸ்டன்ஸ் டாக்ஸ் இன்டர்நேஷனல்' இல்லன்னா 'இன்டர்நேஷனல் கைடு டாக் ஃபெடரேஷன்' பட்டியல்ல இருக்கான்னு பாருங்க. பட்டியல்ல இல்லாத சின்ன இடமும் நல்லா நடக்கலாம், அப்போ நாய எங்க வச்சிருக்காங்க, பயிற்சில தேறாத நாய என்ன பண்றாங்கன்னு கேளுங்க, மழுப்பினா விட்டுருங்க. ஆன்லைன்ல காசு வாங்கிட்டு 'சர்வீஸ் நாய்'னு போட்ட வெஸ்ட்டும் (நாய்க்கு மாட்டுற சட்டை) சர்டிபிகேட்டும் மட்டும் அனுப்புறவங்க பக்கமே போகாதீங்க.

ஒரே தடவ பெருசா கொடுக்குறத விட மாசாமாசம் கொஞ்சம் கொடுத்தா அவங்களுக்கு தீவனச் செலவு, டாக்டர் செலவு எல்லாம் கணக்கு போட வசதி. எந்த செலவுக்குன்னு கட்டுப்பாடு போடாதீங்க, ரசீதுல மட்டும் உங்க நாய் பேர போடச் சொல்லுங்க. ஊர்ல நாலு பேர்கிட்ட வசூல் பண்றதுன்னா ஏப்ரல் கடைசி புதன், சர்வதேச வழிகாட்டி நாய் தினம், நல்ல சாக்கு. மிச்சமிருக்கிற பிரிக்காத தீவனம், படுக்கை எல்லாம் கேட்டுட்டு கொடுங்க, மருந்து மட்டும் வேண்டாம். காசு இல்லன்னா குட்டி வளர்க்கவோ, ரிட்டயர் ஆன நாய்க்கு வீடு கொடுக்கவோ ஆள் தேடுவாங்க, ஒரு போன் போட்டுக் கேளுங்க.