ஃப்ளாரன்ஸில் ஆறு வாரக் கோடைக்கால ஓவியப் படிப்பு: முதன்முறை போகிறவர்களுக்கான செய்முறை விளக்கம்

சாந்தா க்ரோச்சே தேவாலயத்தில் 14-ஆம் நூற்றாண்டு ஓவியர் ஜோத்தோ வரைந்த இரண்டு சிற்றாலயங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. பார்தி ஆலயத்தில் உருவங்கள் இன்றும் திடமாக நிற்கின்றன. பக்கத்துப் பெருட்சி ஆலயத்திலோ ஆவிபோல மங்கிக் கிடக்கின்றன. வரைந்தவர் ஒருவரேதான். பார்தியில் பெரும்பகுதி ஈரக் காரையின் மேல் தீட்டப்பட்டது, பெருட்சியில் பெரும்பகுதி காய்ந்த சுவரின் மேல். காலையில் தன் கையால் காரை பூசி வண்ணம் வைத்தவருக்கு, மதியம் அங்கே போய் நின்றால் வேறு விளக்கம் தேவைப்படாது.

ஸ்டூடியோ ஓவியத்தையும் கலை வரலாற்றையும் சேர்த்துப் படிக்க இந்த ஊரைத் தேடிப் போவது இதற்காகத்தான். இரண்டையும் தனித்தனிப் பாடமாக எண்ணிப் போகிறவர்கள் பாதியைத் தவறவிடுகிறார்கள். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த இரண்டையும் இணைத்தே எழுதப்பட்டவை.

படி 1: பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள்

விளம்பரக் கையேட்டில் திராட்சைத் தோட்டமும் சூரிய அஸ்தமனமும் இருக்கும். அதை ஒதுக்கிவிட்டு, வாரவாரியான பாடத்திட்டத்தை மின்னஞ்சலில் கேளுங்கள். அமெரிக்க முறையில் 3 கிரெடிட் விரிவுரைப் பாடம் என்றால் ஏறக்குறைய 45 மணி நேர வகுப்பு. ஸ்டூடியோ பாடத்துக்கு அதைவிடக் கூடுதல் நேரம் வேண்டும். நான்கு வாரத்தில் இரண்டு பாடமும் முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் தினசரி அட்டவணையைக் காட்டச் சொல்லுங்கள்.

கலை வரலாற்று வகுப்பில் எத்தனை நாள் ஓவியங்களின் முன்னால் நடக்கிறது, எத்தனை நாள் திரையில் படம் காட்டி நடக்கிறது என்றும் கேளுங்கள். திரையில் பார்ப்பதற்கு ஃப்ளாரன்ஸ் வரை போக வேண்டாம். கட்டணத்தில் எவையெல்லாம் அடங்கவில்லை என்பதையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். விமானப் பயணம், சாப்பாடு, ஓவியப் பொருட்கள், காப்பீடு, அருங்காட்சியக நுழைவு ஆகிய ஐந்தும்தான் பெரும்பாலும் வெளியே நிற்கும்.

தேதியில் கவனம் தேவை. ஆகஸ்ட் 15 ஃபெர்ராகோஸ்தோ விடுமுறை. அதையொட்டி உள்ளூர்க் கடைகள் பல வாரக்கணக்கில் கதவடைக்கும், ஓவியப் பொருள் கடைகளும் அப்படியே. ஜூன் தொடக்கத்தில் ஆரம்பித்து ஜூலை நடுவில் முடியும் வகுப்பே நல்லது. ஜூன் 24 ஊரின் காவல் புனிதரான ஜொவான்னியின் திருநாள்; அன்று வகுப்பு இருக்காது, இரவில் வாணவேடிக்கை இருக்கும்.

படி 2: விசா

90 நாளுக்குள் முடியும் படிப்புக்கு ஷெங்கன் (பொது விசா வைத்திருக்கும் ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) 'சி' வகை, அதைத் தாண்டினால் இத்தாலியின் 'டி' வகை. ஆறு வாரம் என்றால் 'சி' போதும். ஆனால் எந்த 180 நாளை எடுத்தாலும் ஷெங்கன் நாடுகள் அனைத்திலும் சேர்த்து 90 நாள்தான் என்பதை மறக்க வேண்டாம். படிப்பு முடிந்து பாரிஸ் போய்ச் சுற்றும் நாட்களும் இதே கணக்கில்தான் வரும்.

விண்ணப்பத்தைப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிலிருந்து கொடுக்கலாம். கடைசி வரம்பு 15 நாள். கடைசி வரம்பை நம்பாதீர்கள். கோடை முன்பதிவு நெரிசலில் நேர்காணல் தேதி கிடைப்பதே பெரும்பாடு. மார்ச்சிலேயே தொடங்குங்கள். பெரியவர்களுக்கான கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, தங்கும் எல்லா நாளுக்கும் வேண்டும். திரும்பி வரும் தேதிக்குப் பின் 3 மாதமாவது பாஸ்போர்ட் செல்லுபடியாக இருக்க வேண்டும்.

பலர் கோட்டைவிடும் ஓர் இடம் உண்டு. ஃப்ராங்க்ஃபர்ட் அல்லது பாரிஸ் வழியாகப் போனால் உங்கள் எல்லைச் சோதனை அங்கேயே முடிந்துவிடும். இத்தாலியில் யாரும் உங்களைப் பார்ப்பதில்லை. அப்படி வந்தவர்கள் 8 நாளுக்குள் 'க்வெஸ்தூரா' என்ற காவல்துறை அலுவலகத்தில் தங்கியிருப்பதை அறிவிக்க வேண்டும். விடுதியில் தங்கினால் அவர்களே பதிவு செய்துவிடுவார்கள். வாடகை வீட்டில் தங்குகிறவர்கள்தான் விட்டுவிடுகிறார்கள். முதல் நாளே பள்ளி அலுவலகத்தில் இதைக் கேளுங்கள்.

படி 3: பெட்டியில் என்ன, கடையில் என்ன

டர்பன்டைன், வரைந்த கோடு கலையாமல் இருக்கத் தெளிக்கும் ஸ்பிரே வகை ஃபிக்ஸடிவ் இரண்டும் விமானத்தில் எந்தப் பெட்டியிலும் ஏறாது. கட்டர், பேலட் கத்தி சரக்குப் பெட்டிக்குள் போக வேண்டும். எண்ணெய் வண்ணக் குழாய்களையும் சரக்குப் பெட்டியில் வைத்து, தயாரிப்பாளரின் பாதுகாப்புத் தகவல் தாளை அச்செடுத்து அதோடு சேர்த்துவிடுங்கள். யாராவது கேட்டால் 'பெயின்ட்' என்று சொல்ல வேண்டாம். அந்தச் சொல்லைக் கேட்டதும் எரியும் திரவம் என்றே நினைப்பார்கள். தாவர எண்ணெய் கலந்த ஓவிய வண்ணம் என்று சொல்லுங்கள்.

வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டியவை: கெட்டி அட்டை போட்ட ஏ5 ஸ்கெட்ச் புத்தகம் இரண்டு, எச்பி, 2பி, 4பி பென்சில்கள், பிசையும் ரப்பர், பழகிய தூரிகைகள். கைக்குப் பழகிய தூரிகையைப் புது ஊரில் தேடிப் பிடிக்க முடியாது. வண்ணப் பொடிகளைக் கொண்டுபோகாதீர்கள். பெயர் தெரியாத பொடிப் பொட்டலம் பாதுகாப்புச் சோதனையில் அரைமணி நேரத்தைத் தின்றுவிடும். பேராலயத்தின் தென்புறத்தில் வியா தெல்லோ ஸ்தூதியோ தெருவில் உள்ள செக்கி கடையில் பழைய முறைப் பொடிகள், தங்க ரேக்கு எல்லாம் கிடைக்கும்.

நம் ஊர் மூன்று முள் பிளக் அங்கே நுழையாது. மெல்லிய இரண்டு முள் செல்போன் சார்ஜர் நுழையும். மின்னழுத்தம் ஒன்றேதான். உடையில் தோளும் முழங்காலும் மறைய வேண்டும், இல்லையென்றால் தேவாலய வாசலிலேயே நிறுத்துவார்கள். ஒரு மெல்லிய துப்பட்டா பையிலேயே இருக்கட்டும்.

படி 4: கிளம்புமுன் வீட்டில் ஒரு ஃப்ரெஸ்கோ

ஈரக் காரையின் மேல் தீட்டும் ஓவியம்தான் ஃப்ரெஸ்கோ. வீட்டில் ஒன்று செய்து பார்ப்பதை யாரும் கட்டாயம் என்று சொல்வதில்லை. ஆனால் முன்தயாரிப்பில் அதிகப் பயன் தருவது இதுதான். சுண்ணாம்பு வேலை நமக்கும் புதிதல்ல. தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியிலிருந்த சோழர் ஓவியங்களை 1931-இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டதும் சுண்ணாம்புப் பூச்சின் மேல்தான்.

தேவையானவை: மொட்டைமாடிக்குப் போடும் 9 அங்குலத் தட்டோடு ஒன்று, குழைவாக நீற்றிய சுண்ணாம்பு அரை கிலோ, கழுவிய ஆற்று மணல், சின்னக் கரணை, செங்காவி, மஞ்சள் காவி, கரிப்பொடி. சுண்ணாம்பை நீற்றியதாகவே வாங்குங்கள். கற்சுண்ணாம்பை வீட்டில் நீற்ற வேண்டாம், கொதித்துத் தெறிக்கும். மணமோ நிறமோ சேர்க்காத வெற்றிலைச் சுண்ணாம்பும் இந்த அளவுக்குப் போதும். பசை கலந்த வெள்ளையடிக்கும் பொட்டலம் உதவாது. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். கண்ணில் பட்டால் உடனே ஓடும் நீரில் நெடுநேரம் கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

தட்டோட்டை முதல் நாள் இரவே தண்ணீரில் ஊறப் போடுங்கள். மறுநாள் 400 மி.லி. மணலோடு 200 மி.லி. சுண்ணாம்பு சேர்த்துப் பிசைந்து 8 மி.மீ. கனத்துக்குப் பூசி, மேற்பரப்பைச் சொரசொரப்பாகவே விடுங்கள். இது 'அரிச்சோ' என்ற அடிப்பூச்சு. நிழலில் ஒரு வாரமோ பத்து நாளோ காயட்டும்.

பிறகு அதை நன்றாக நனைத்து, சல்லடையில் சலித்த 180 மி.லி. மென்மணலும் 120 மி.லி. சுண்ணாம்பும் கலந்து 4 மி.மீ. கனத்துக்கு வழவழப்பாகப் பூசுங்கள். இது 'இன்டோனகோ'. வண்ணம் ஏறுவது இதன் மேல்தான்.

எப்போது தொடங்குவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆள்காட்டி விரலால் மெல்லத் தொடுங்கள். விரலில் ஈரம் ஒட்ட வேண்டும், காரை ஒட்டக் கூடாது. பூசி அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் இந்தப் பதம் வரும். படத்தை முதலில் காகிதத்தில் வரைந்து, கோட்டின் மேல் ஊசியால் துளையிட்டு, காரையின் மேல் வைத்துக் கரித்தூள் முடிப்பால் தட்டுங்கள். புள்ளிபுள்ளியாகக் கோடு இறங்கும். நம் கோலப்பொடி அச்சு போலத்தான். அங்கே இதன் பெயர் 'ஸ்போல்வெரோ'. பொடியைத் தண்ணீரில் மட்டும் குழைத்து, மெல்லிய அடுக்குகளாக வையுங்கள். பசை எதுவும் வேண்டாம். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மீண்டும் கல்லாகும்போது வண்ணத்தையும் தன்னோடு பூட்டிக்கொள்ளும்.

தப்பினால் எங்கே தப்பும்? தூரிகை காரையைக் கிளறிக்கொண்டு வந்தால் அவசரப்பட்டுவிட்டீர்கள். பத்து நிமிடம் பொறுங்கள். வண்ணம் உறிஞ்சாமல் மேலேயே பசைபோல் நின்றால் நேரம் கடந்துவிட்டது. அதற்குமேல் வைப்பதெல்லாம் காய்ந்தபின் விரலோடு வந்துவிடும். அதுதான் பெருட்சி ஆலயத்தின் கதையும். வலைவலையாக வெடித்தால் சுண்ணாம்பு மிகுதி, அல்லது ஓடு சரியாக ஊறவில்லை, அல்லது மேலே மின்விசிறி ஓடியிருக்கிறது. வெள்ளை உப்புப் பூத்தால் மணலில் உப்பு இருந்திருக்கிறது. பிரஷ்யன் நீலம் வைத்தால் பழுப்பாகிவிடும், சுண்ணாம்பின் காரம் அதைச் சிதைக்கும். எல்லா வண்ணமும் காய்ந்ததும் வெளிறும், அதனால் ஒரு படி அடர்த்தியாகவே வையுங்கள்.

படி 5: முதல் வாரம்

விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வர டி2 டிராம் போதும். டிக்கெட்டை ஏறியதும் இயந்திரத்தில் பதியுங்கள். பதியாத டிக்கெட்டும் அபராதம்தான். ரயில் பலகைகளில் ஊரின் இத்தாலியப் பெயரான 'ஃபிரென்ஸே' என்றே இருக்கும்.

முகவரி தேடும்போது ஒரு சிக்கல் வரும். ஒரே தெருவில் இரண்டு வரிசை எண்கள் ஓடும். கடைகளுக்குச் சிவப்பு எண், வீடுகளுக்கு நீலம் அல்லது கருப்பு. எழுதும்போது சிவப்பு எண்ணுக்குப் பின்னால் 'ஆர்' எழுத்தைச் சேர்ப்பார்கள். '19ஆர்' என்ற கடையைத் தேடி வந்து 19-ஆம் எண் வீட்டு மணியை அடிக்கிறவர்கள் இந்த எழுத்தைக் கவனிக்காதவர்கள்தான்.

உஃபீத்சி, அக்காதேமியா ஆகிய இரண்டு அருங்காட்சியகங்களும் திங்களன்று மூடியிருக்கும், மசாச்சோ என்ற ஓவியரின் ஃப்ரெஸ்கோக்கள் உள்ள பிரான்காச்சி ஆலயம் செவ்வாயன்று. பிரான்காச்சிக்கு முன்பதிவு செய்து, குறித்த நேரத்தில் போக வேண்டும். உள்ளே நிற்கக் கிடைப்பது சிறிது நேரம்தான். என்ன வரையப் போகிறீர்கள் என்று முடிவு செய்துகொண்டு போங்கள்.

படி 6: ஓவியத்தின் முன்னால்

பெரும்பாலான இடங்களில் சிறிய புத்தகமும் பென்சிலும் அனுமதி. மை, கரி, நீர்வண்ணம், ஓவியம் நிறுத்தும் தாங்கி கூடாது. சந்தேகம் என்றால் காவலரிடம் புத்தகத்தைக் காட்டிக் கேளுங்கள், முகம் சுளிக்க மாட்டார்கள்.

முழு ஓவியத்தையும் வரையப் பார்ப்பதுதான் புதியவர்களின் வழக்கமான தவறு. உஃபீத்சியில் ஒரே அறையில் சிமாபுவே, துச்சோ, ஜோத்தோ மூவரின் பெரிய மரியன்னை ஓவியங்கள் இருக்கின்றன. மூன்றிலும் முழங்காலை மட்டும் வரையுங்கள், ஒவ்வொன்றுக்கும் 15 நிமிடம். சிமாபுவேயிடம் துணியின் மடிப்பு தங்கக் கோடுகளாக ஓடும். ஜோத்தோவிடம் வந்ததும் கோடு குறைந்து, துணிக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் எடை தெரியும். இந்த 45 நிமிடத்தை அப்படியே வார்த்தையில் எழுதினால் உங்கள் முதல் கட்டுரையில் பாதி முடிந்துவிடும். துச்சோவின் முகங்களில் பச்சை சாயல் தெரிவதையும் பாருங்கள். தோல் நிறத்துக்கு அடியில் பச்சை மண் வண்ணத்தை முதலில் பூசுவது அக்கால வழக்கம். மேல் வண்ணம் தேயத் தேய அது எட்டிப் பார்க்கிறது. வண்ணப் பொடியை முட்டைக் கருவில் குழைத்துத் தீட்டும் முட்டை டெம்பரா வகுப்பில் நீங்களும் இதைச் செய்வீர்கள். 1400 வாக்கில் ஓவியக் கையேடு எழுதிய சென்னினோ சென்னினி, இளம் முகங்களுக்கு நகரத்துக் கோழி முட்டை வேண்டும், அதன் கரு வெளிறியது என்று சொல்லும் அளவுக்கு இதில் நுணுக்கம் பார்த்திருக்கிறார்.

அடுத்து சாந்தா மரியா நொவெல்லா தேவாலயம். மசாச்சோவின் மூவொரு கடவுள் ஓவியத்தின் முன் நின்று தூரத்தை மாற்றி மாற்றிப் பாருங்கள். மேலே உள்ள வளைவுக் கூரையின் கோடுகளை ஸ்கேலால் கீழே நீட்டினால், சிலுவையின் அடிப்பக்கத்தில், ஏறக்குறைய உங்கள் கண்மட்டத்தில் கூடும். இதைப் புத்தகத்தில் ஒருமுறை போட்டுப் பார்த்தால், தூரத்தைத் தட்டையான பரப்பில் காட்டும் பெர்ஸ்பெக்டிவ் வகுப்பில் மூன்று நாள் மிச்சம்.

கூட்டமே இல்லாத இடம் வேண்டுமா? சாந்தா அப்பொலோனியா என்ற பழைய கன்னியர் மடத்தின் உணவுக்கூடம். காஸ்தாஞ்ஞோ என்ற ஓவியர் 1447 வாக்கில் வரைந்த இயேசுவின் கடைசி இராவுணவு அங்கே சுவரை அடைத்து நிற்கிறது. காரைக்கு அடியில் செங்காவியில் போட்ட முன்வரைவுகளை, அதாவது சினோப்பியாக்களை, அதே அறையில் பிரித்து வைத்திருக்கிறார்கள். நீங்கள் தட்டோட்டில் போட்ட அதே காவிதான். காலையில் போய்விடுங்கள்.

படி 7: வேலைகளை வீட்டுக்குக் கொண்டுவருதல்

இதைக் கடைசி வாரத்தில் யோசித்தால் காலம் கடந்துவிடும். எண்ணெய் ஓவியங்களை நான்காம் வாரத்துக்குள் முடியுங்கள், மெல்லியதாகவே தீட்டுங்கள். கடைசி இரண்டு வாரம் பென்சில், செஞ்சுண்ணக் கோல், டெம்பரா என்று வைத்துக்கொள்ளுங்கள். கான்வாஸைச் சுருட்டும்போது வண்ணப் பக்கம் வெளியே இருக்கட்டும். உள்ளே வைத்தால் வண்ணம் நசுங்கி, விரிக்கும்போது உரியும். குழாயின் குறுக்களவு 10 செ.மீ.க்குக் குறையக் கூடாது. இடையில் வழவழப்பான காகிதம் வையுங்கள், செய்தித்தாள் மையை விட்டுவிடும்.

ஃப்ரெஸ்கோதான் பெட்டியின் எதிரி. 30 செ.மீ. சதுர ஓடு பூச்சோடு சேர்த்து 5 கிலோவைத் தொடும். ஆசிரியரிடம் முன்பே சொல்லி, கடைசி வேலையை 15க்கு 20 செ.மீ. ஓட்டில் செய்யுங்கள். நான்கு முனைகளிலும் அட்டை கொடுத்து, குளியல் துண்டில் சுற்றிக் கைப்பையில் வையுங்கள். சரக்குப் பெட்டிக்குள் போன காரை முழுதாக வருவது அபூர்வம்.