சஸ்பென்ஷன் மாற்றும்போது சொகுசை எங்கே தொலைக்கிறோம்?

சிங்கப்பூரில் எங்கள் புளோக்கின் கார்பார்க்கிலிருந்து சாலைக்கு வருவதற்குள் மூன்று வேகத்தடைகள். காரைத் தாழ்த்தும் ஸ்பிரிங் போட்ட மறுநாள், மூன்றாவது தடையில் பின்சக்கரம் இறங்கும்போது ‘டப்’ என்று ஓர் அடி. பின்சீட்டில் இருந்த அப்பா ஒன்றும் சொல்லவில்லை. முன்சீட்டின் முதுகை இரு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டார். அவருக்கு ஏற்கெனவே முதுகுவலி. அந்த வார இறுதியிலேயே பழைய ஸ்பிரிங்கைத் திரும்பப் போட்டுவிட்டேன்.

ஸ்பிரிங் கெட்டி, அதனால் அடிக்கிறது என்றுதான் அன்று நினைத்தேன். விஷயம் வேறு. ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் அப்சார்பரின் கம்பியில் ரப்பர் போன்ற ஒரு துண்டு செருகியிருக்கும். பம்ப் ஸ்டாப் என்பார்கள். சக்கரம் மேலே ஏறும் இடம் தீர்ந்துபோகும்போது இரும்போடு இரும்பு மோதாமல் காப்பது அதுதான். சக்கரம் மேலேற 80 மில்லிமீட்டர் இடம் உள்ள காரை 40 மில்லிமீட்டர் தாழ்த்தினால் பாதி இடம் அப்போதே போய்விட்டது. வீட்டார் எல்லாரும் ஏறி, தேக்கா சந்தையில் வாங்கிய பைகளும் காரின் பின்பெட்டியில் ஏறினால் இன்னும் கொஞ்சம் அமுங்கும். அதற்குமேல் சின்ன மேடு வந்தாலும் கார் நிற்பது ஸ்பிரிங்கில் இல்லை, அந்த ரப்பர் துண்டில்தான். ‘கார் கல்லு மாதிரி ஆயிடுச்சு’ என்று நண்பர்கள் புலம்புவதில் பாதிக்குமேல் இதுதான் காரணம்.

ஆகவே, தினமும் ஓட்டுகிற, பெரியவர்கள் ஏறுகிற காருக்கு 15 முதல் 25 மில்லிமீட்டர் தாழ்வே போதும் என்பது என் எண்ணம். அதற்கு மேல் போனால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி நிறுத்துமிடத்தின் சுழல்பாதையிலும், கடைத்தொகுதிகளின் நிலத்தடிச் சரிவுகளிலும் முன்பம்பர் உரசும் பிரச்சினையும் சேர்ந்துகொள்ளும். தாழ்த்தவே வேண்டாம், வளைவில் சட்டென்று சாயாமல் இருந்தால் போதும் என்பவர்கள் உயரத்தைத் தொடாமல் நல்ல அப்சார்பர் மட்டும் மாற்றலாம். அதைக் குறைந்த மாற்றம் என்று நினைக்க வேண்டாம். பல கார்களுக்கு அதுவே சரியான மாற்றம்.

இதற்கும் முன்னால் நடக்கிற தவறு ஒன்று இருக்கிறது. இங்கே கார் வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழான சிஓஇ பத்தாண்டு. கார் வாங்கி ஏழெட்டு வருடம் ஆன பிறகுதான் பலருக்கு ‘சஸ்பென்ஷனை ஏதாவது செய்யணும்’ என்று தோன்றுகிறது. அதற்குள் வெயிலும் மழையும் பட்டு, சக்கரத்தைக் காரோடு இணைக்கும் பாகங்களான டாப் மவுண்ட், லோவர் ஆர்ம் புஷ், ஸ்டெபிலைசர் லிங்க் எல்லாம் தளர்ந்திருக்கும். அப்சார்பரில் எண்ணெய் கசிந்திருக்கும். அந்தத் தேய்ந்த காரை ஓட்டிப் பார்த்துவிட்டு, ‘கம்பெனி சஸ்பென்ஷனே இப்படித்தான், ஆடுது’ என்று முடிவுக்கு வந்து, பழைய புஷ்ஷுக்கு மேலேயே கெட்டியான ஸ்பிரிங்கைப் போடுகிறோம். தளர்ந்த ரப்பரின் கடகடப்பு இப்போது இன்னும் பலமாகக் கேட்கும். முதலில் தேய்ந்ததை எல்லாம் கம்பெனித் தரத்துக்கு மாற்றி, இரண்டு வாரம் ஓட்டிப் பாருங்கள். என் நண்பர் ஒருவர், ஸ்பிரிங்கும் அப்சார்பரும் ஒன்றாக, உயரம் மாற்றும்படி வரும் கோயில்ட்ஓவருக்கு எடுத்து வைத்த பணத்தைத் திரும்ப வங்கியில் போட்டார். நான்கு அப்சார்பரும் புஷ்ஷும் மாற்றியதிலேயே அவர் தேடியது கிடைத்துவிட்டது.

புஷ் மாற்றும்போது ஒரு நுணுக்கம் உண்டு. இதை மட்டும் பட்டறையில் பக்கத்தில் நின்று கவனியுங்கள். புஷ்ஷின் நடுவே ஓர் இரும்புக் குழல், வெளியே ஒரு வளையம், இரண்டையும் பிணைத்திருப்பது ரப்பர். லோவர் ஆர்ம் மேலும் கீழும் அசையும்போது அந்த ரப்பர் முறுக்கிக்கொண்டு கொடுக்கிறது. காரைத் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையிலேயே போல்ட்டைக் கடைசிவரை இறுக்கினால், நடுக்குழல் அந்தத் தொங்கும் கோணத்தில் பூட்டிக்கொள்ளும். காரைக் கீழே இறக்கியதும் ரப்பர் நாள் முழுக்க முறுக்கியபடியே இருக்கும். சவாரி விறைப்பாக இருக்கும், புஷ்ஷும் சீக்கிரம் கிழியும். போல்ட்டை முதலில் லேசாக மாட்டி, சக்கரங்கள் எடையைத் தாங்கி நிற்கும் நிலையில்தான் கடைசி இறுக்கு. ‘அண்ணே, கீழ இறக்கி வெச்சிட்டு டைட் பண்ணுங்க’ என்று மரியாதையாகக் கேட்டால் நல்ல மெக்கானிக் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. சிரத்தையுள்ளவர்கள் கேட்காமலே செய்வார்கள்.

இனி, புது ஸ்பிரிங்கைப் பழைய அப்சார்பரோடு சேர்க்கும் தவறு. செலவு குறைவு என்பதால் அதிகம் நடப்பது. ஸ்பிரிங் வாங்கிய அடியைத் திருப்பித் தள்ளும்; அந்தத் தள்ளலை அடக்குவது அப்சார்பரின் வேலை. ஸ்பிரிங் கெட்டியாகக் கெட்டியாகத் தள்ளலும் கூடும். கம்பெனி அப்சார்பரின் வால்வு அதற்காக அமைத்ததில்லை. கெப்பல் மேம்பாலத்தின் இணைப்புகளில் வரிசையாக ஏறிப் பாருங்கள். ஒரு தடவை குலுங்கி அடங்க வேண்டிய முன்பகுதி இரண்டு மூன்று தடவை ஆடும். பின்னால் இருப்பவருக்கு வயிற்றைப் பிசையும். தயாரிப்பாளர்களே இதைப் பிரித்துத்தான் விற்கிறார்கள். பில்ஸ்டைனில் பி6 என்பது கம்பெனி உயரத்துக்கு, பி8 தாழ்த்தும் ஸ்பிரிங்குக்காகக் குட்டையாகச் செய்தது. பெயர் பிரபலமாக இருக்கிறதே என்று மாற்றி வாங்கிவிடாதீர்கள். சொகுசே முக்கியம் என்றால், அடி வேகமாக விழும்போது தானே விட்டுக்கொடுக்கும் வால்வுள்ள கோனி ஸ்பெஷல் ஆக்டிவ், பம்ப் ஸ்டாப்பின் வேலையை உள்ளேயே எண்ணெய் அழுத்தத்தால் செய்யும் டெய்ன் எண்டுராப்ரோ போன்றவற்றைப் பாருங்கள்.

கோயில்ட்ஓவர் வாங்குகிறவர்கள் உயரத்தையும் நிறத்தையும் கேட்கிறார்கள், ஸ்பிரிங் எவ்வளவு கெட்டி என்று சொல்லும் எண்ணைக் கேட்பதில்லை. 6 கிலோ என்றால், ஸ்பிரிங்கை 1 மில்லிமீட்டர் அமுக்க 6 கிலோ எடை வேண்டும் என்று பொருள். குடும்பக் கார்களின் முன் ஸ்பிரிங் பொதுவாக அதில் பாதியைத் தாண்டாது. ஸ்பிரிங் கெட்டி இரு மடங்கானால் கார் துள்ளும் வேகம் சுமார் 1.4 மடங்கு கூடும். துள்ளல் விநாடிக்கு ஒன்று, ஒன்றரை என்று இருக்கும்வரை உடம்புக்குச் சுகம். அதற்கு மேல் போகப்போகக் குலுக்கலாகத் தெரியும். விற்பவரிடம் எண்ணைக் கேளுங்கள். மென்மையான ஸ்பிரிங் மாற்றித் தர முடியுமா என்றும் கேளுங்கள்.

உயரம் குறைக்கும் முறையையும் பார்க்க வேண்டும். ஸ்பிரிங் உட்காரும் தட்டை இறக்கித் தாழ்த்தும் வகையில் சக்கரத்தின் இடம் குறைகிறது. அப்சார்பரைச் சக்கரப் பக்கம் பிணைக்கும் அடிப்பிடியைத் தனியாகத் திருகித் தாழ்த்தும் வகையில் அப்சார்பரின் பயணம் அப்படியே மிஞ்சும்.

அப்சார்பரின் விறைப்பை மாற்ற மேலே இருக்கும் திருகை ‘ஹார்ட்’ பக்கம் முழுக்கத் திருப்பி வைப்பது இன்னொரு தவறு. பல வகைகளில் அந்தத் திருகு முக்கியமாக மாற்றுவது, அமுங்கிய சக்கரம் திரும்பக் கீழே வரும் வேகத்தை. அதை அளவுக்கு மீறி இறுக்கினால், ஒரு பள்ளத்திலிருந்து சக்கரம் இறங்கி முடிப்பதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். தொடர்ந்து குண்டுங்குழியுமான சாலையில் கார் படிப்படியாக அமுங்கிக் கடைசியில் பம்ப் ஸ்டாப்பில் உட்கார்ந்துவிடும். முழு ‘சாஃப்ட்’டில் தொடங்கி, மிதப்பு நிற்கும்வரை ஒவ்வொரு கிளிக்காகக் கூட்டுங்கள். நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள்.

ஒரே நாளில் பெரிய ரிம்மும் போடாதீர்கள். 205/55 ஆர்16 டயரின் பக்கச்சுவர் சுமார் 113 மில்லிமீட்டர். 225/40 ஆர்18 என்றால் 90. மொத்த விட்டம் ஏறக்குறைய ஒன்றே, ஆனால் காற்று மெத்தையில் 23 மில்லிமீட்டர் போயிற்று. இரண்டையும் சேர்த்து மாற்றினால் சொகுசு போனது எதனால் என்று பிறகு சொல்லவே முடியாது. காற்றழுத்தத்தையும் ஓட்டுநர் கதவருகே உள்ள ஒட்டியைப் பார்த்து, டயர் ஆறியிருக்கும்போது வையுங்கள்.

வேலை முடிந்தவுடன் சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மெண்ட், ஸ்பிரிங் படிந்த பிறகு இன்னொரு முறை. உயரம் மாறினால் முன்விளக்கின் கோணமும் மாறும். முன்கண்ணாடிக் கேமரா உள்ள கார்களில் அதையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கு மாற்றத்தைத் தெரிவித்துவிடுங்கள். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மாற்றங்கள் பற்றிய பக்கத்தை வாங்குவதற்கு முன்பே படிப்பது நல்லது. மூன்று வயது முதல் ஈராண்டுக்கு ஒருமுறை, பத்து வயதுக்குமேல் ஆண்டுதோறும் காரைச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டுமே.

ஓட்டுநர் இருக்கையில் இருந்துகொண்டு சொகுசைத் தீர்மானிக்காதீர்கள். ஸ்டியரிங் கையில் இருப்பவருக்கு அடி வருவது முன்பே தெரியும், உடம்பு தயாராகிவிடும். இரண்டாம் முறை நான் கம்பெனி உயரத்திலேயே அப்சார்பர் மாற்றியபோது, மனைவியை ஓட்டச் சொல்லிவிட்டு அப்பா உட்காரும் இடத்தில் நான் உட்கார்ந்தேன். அதற்கு முன் பின் அப்சார்பரின் தூசியுறையை மேலே தூக்கி, கம்பியில் ஒரு மெல்லிய கேபிள் டை கட்டி, குழாயின் வாயில் படும்படி கீழே தள்ளி வைத்திருந்தேன். சக்கரம் எவ்வளவு மேலே போகிறதோ அந்த அளவுக்குக் குழாய் அதைத் தள்ளிக்கொண்டு போகும், திரும்பி வராது. வீட்டார் அனைவரும் ஏறி, ஜொகூர் தாண்டி மலாக்கா வரை போய்வந்த பிறகு பார்த்தேன். டைக்கும் பம்ப் ஸ்டாப்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் இடம் மிச்சம் இருந்தது.