கை உதறுதா? வயசைச் சாட்டமுன் இவற்றைப் பாருங்கள்

"வயசு போட்டுது பிள்ளை, கை உதறத்தானே செய்யும்." கிளிநொச்சிப் பக்கக் கிளினிக்குகளில் தாதியாக வேலை செய்த காலத்தில் எத்தனையோ ஐயாமார் இப்படிச் சொல்லிவிட்டு எழும்பிப் போயிருக்கிறார்கள். நாற்பது தாண்டினால் நடுக்கம் கூடுதலாக வரும் என்பது உண்மை. ஆனால் முழுப்பழியையும் வயதில் போட்டால், மாற்றக்கூடிய காரணம் கண்ணில் படாது.

எப்போது நடுங்குகிறது என்று முதலில் பாருங்கள். தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கும்போது என்றால், சொந்தத்தில் விசாரியுங்கள். அம்மம்மாவுக்கோ சித்தப்பாவுக்கோ இருந்ததா? பரம்பரையாக வருகிற நடுக்கம் ஒன்று உண்டு. தாய் தகப்பனில் ஒருவருக்கு அது இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி. மடியில் சும்மா கிடக்கிற ஒரு கை நடுங்கி, நடையும் மெதுவானால் பார்க்கின்சன் என்ற மூளை நரம்பு நோயா என்று டொக்டரிடம் காட்ட வேண்டும். ஷெல்லடியில் தலையில் காயப்பட்டவர்கள் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

அடுத்தது குளிசை மருந்துகள். முட்டுக்கு (ஆஸ்துமா) இழுக்கிற சல்பியூட்டமோல் பம்ப், வலிப்புக்கான வல்புரோயேட், மனநோய்க்கான லிதியம், தைரொயிட்டுக்கு எடுக்கிற தைரொக்சின் அளவு கூடினால் அது, தலைச்சுற்றுக்கு நெடுநாள் எடுத்த சினரிசின் எல்லாம் கையை நடுங்க வைக்கும். தயவுசெய்து நீங்களாக நிறுத்த வேண்டாம். நீரிழிவுக்காரர் ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வயலுக்குப் போனால், சீனி இறங்கியும் நடுக்கம் வரும். உடனே இனிப்பாக ஏதாவது கொடுங்கள்.

காலபோகம் தொடங்கினால் எனக்குப் பயம் மருந்தடிப்பில்தான். சில பூச்சிநாசினிகள் நரம்பு தசைக்குக் கொடுக்கும் கட்டளையை அணையவிடாமல் செய்கின்றன. வியர்த்து, வாயூறி, தசை துடிக்கும். அப்படியானால் உடுப்பைக் கழற்றி, சவர்க்காரம் போட்டுக் கழுவி, 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்குக் கோல் எடுங்கள். காற்றுக்கு எதிரே நின்று அடிக்காதீர்கள். அடைத்த நொசிலை வாயால் ஊதவே கூடாது. நனைந்த சாரத்தோடு வரம்பில் இருந்து சாப்பிடுவதையும் விடுங்கள். பரகுவாட் என்ற களைநாசினிக்கும் பார்க்கின்சனுக்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. இலங்கை அதைத் தடைசெய்து பல வருடமாகிறது. கொட்டிலில் பழைய போத்தல் கிடந்தால் தொடாதீர்கள்.

குடியைப் பற்றி மனைவிமாரிடமும் சொல்கிறேன். பரம்பரை நடுக்கம் கொஞ்சம் குடித்தால் அடங்கும். பிறகு கூடிக்கொண்டு வரும். அதையே மருந்தென்று பிடித்துக்கொண்டவர்களைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். நாளாந்தம் கசிப்பும் சாராயமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் 6 முதல் 24 மணித்தியாலத்துக்குள் கை நடுங்கத் தொடங்கும், வலிப்பும் வரலாம். வீட்டில் பூட்டி வைத்து நிறுத்தாமல் ஆஸ்பத்திரியில் சொல்லி நிறுத்துங்கள்.

கடும் சாயத் தேத்தண்ணி, சிகரெட், நித்திரையின்மை, மனப்பதற்றம் ஆகியவையும் இருக்கிற நடுக்கத்தைக் கூட்டும். மெலிந்து, நெஞ்சும் படபடத்தால் தைரொயிட்டுக்கு இரத்தம் சோதியுங்கள்.

கிளினிக்குக்குப் போகும்போது கொப்பியோடு வீட்டிலுள்ள எல்லாக் குளிசைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். வயலுக்கு அடித்த மருந்தின் பெயரையும் எழுதிக் கொடுங்கள்.