பைலில் அனுமதி இருந்தும் திறக்கவில்லை

ஆய்வகத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு உபுண்டு 22.04 (லினக்ஸ்) சர்வர். பைதானையும் அதன் தொகுப்புகளையும் நிறுவித் தரும் மினிகாண்டாவை ஒருவர் தன் ஹோம் போல்டரிலேயே நிறுவியிருந்தார். அவருக்கு ஓடும், மற்றவர்களுக்கு 'பெர்மிஷன் டினைடு'. பைலின் அனுமதியோ 755, அதாவது உரிமையாளருக்கு எல்லாம், மற்றவர்களுக்குப் படிக்கவும் ஓட்டவும். அதில் குறை ஒன்றுமில்லை.

'நேம்ஐ' கட்டளையை '-எல்' சேர்த்து ஓட்டியதும் பிடிபட்டது. பாதையில் உள்ள ஒவ்வொரு போல்டரின் உரிமையாளரையும் அனுமதியையும் அது வரிசையாகக் காட்டும். ஹோம் போல்டர் 750, கடைசி 0 என்றால் வெளியாட்களுக்கு எந்த அனுமதியும் இல்லை. உபுண்டு 21.04 முதல் புதுப் பயனர்களுக்கு இதுதான் இயல்பு. அதற்கு முன் 755. வழியில் ஒரு போல்டரில் 'எக்ஸ்' அனுமதி (பைலுக்கு ஓட்ட, போல்டருக்கு உள்ளே நுழைய) இல்லையென்றால் உள்ளே என்ன அனுமதி இருந்தும் பயனில்லை, தெருக்கதவைப் பூட்டிவிட்டு அறையைத் திறந்து வைத்த கதை.

"777 போட்டுடுங்க சார்" என்றார் ஒரு மாணவர். எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள்! 777 என்றால் எல்லோருக்கும் எழுதவும் அனுமதி. யார் வேண்டுமானாலும் நிரலை மாற்றி வைக்கலாம், அடுத்தவர் அதை ஓட்டுவார். வேண்டாம்.

ரூட்டாக (நிர்வாகிக் கணக்கில்) பொதுவான 'ஆப்ட்' (/opt) போல்டரில் புதிதாக நிறுவினேன். பழையதை அப்படியே நகர்த்த முடியாது, ஸ்கிரிப்டுகளின் முதல் வரியில் பழைய பாதை பதிந்திருக்கும். அப்புறம் அனுமதியை மாற்றும் சிஎச்மாட் கட்டளை: 'chmod -R a+rX', உள்ளே உள்ள எல்லாவற்றுக்கும் எல்லோருக்கும் படிக்கும் அனுமதி. இதில் எக்ஸ் பெரிய எழுத்து: போல்டர்களுக்கும் ஏற்கெனவே ஓடக்கூடிய பைல்களுக்கும் மட்டும் ஓட்டும் அனுமதி தரும்.

பொதுத் தரவுப் போல்டருக்குத் தனிக் குழு, அனுமதி 2775. முன்னால் உள்ள 2 இருப்பதால் உள்ளே உருவாகும் பைல்கள் அந்தக் குழுவுக்கே சேரும். குழுவினரும் எழுத யூமாஸ்க் (புதுப் பைல்களில் எந்த அனுமதியை நீக்குவது என்ற அமைப்பு) 002 வேண்டும். குழுவில் சேர்த்தவர்கள் ஒருமுறை வெளியேறி மீண்டும் லாகின் செய்தால்தான் வேலை செய்யும்.