எம்ஜிபி வாங்கப் போகிறீர்களா? தகட்டைக் கடைசியில் பாருங்கள்

மதுரையில் அப்பாவின் ஒர்க்‌ஷாப்பில் அம்பாசிடர் எஞ்சினைப் பிரித்து மாட்டித்தான் நான் தொழில் கற்றேன். இங்கிலாந்துக்கு வந்து முதல்முறை ஓர் எம்ஜிபியின், அதாவது எம்ஜி கம்பெனியின் பழைய ஸ்போர்ட்ஸ் காரின், பானட்டைத் தூக்கியபோது சிரிப்பு வந்துவிட்டது. அம்பாசிடரில் இருந்தது 1489 சிசி, இதில் இருப்பது 1798 சிசி. இரண்டும் பிஎம்சி, அதாவது பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் செய்த பி சீரிஸ் எஞ்சின்தான், அண்ணன் தம்பி. அன்றிலிருந்து, யாராவது பழைய எம்ஜி பார்க்கப் போனால் என்னையும் கூட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். நான் ஆக்ஸ்ஃபோர்டு பக்கம் இருக்கிறேன். இந்த வண்டி பிறந்த ஆபிங்டன் கூப்பிடு தூரம்.

1962 முதல் 1980 வரை 5 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். அதனால் எம்ஜிபி ஒன்றும் கிடைக்காத பொருள் இல்லை. ஆனால் 1965 ஏப்ரல் வாக்கு வரை வந்த வண்டிகளில் கதவுக் கைப்பிடி பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கும். அதற்கு அப்புறம் பொத்தானை அழுத்தித் திறக்கும் கைப்பிடி. இந்த ‘இழுவைக் கைப்பிடி’ வண்டிக்கு மவுசு அதிகம், விலையும் அதிகம். விலை எங்கே ஏறுகிறதோ அங்கே டூப்ளிகேட்டும் வந்து சேரும்.

போன வருடம் ஒரு நண்பர் அப்படி ஒன்றைக் கண்டுபிடித்தார். 1964 மாடல், ஐரிஸ் புளூ நிறம், எஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பர் எல்லாம் தொழிற்சாலைப் பதிவேட்டோடு பொருந்துகிறது என்றார் விற்பவர். லாக்புக் (நம்மூர் ஆர்சி புக் மாதிரி), அந்தப் பதிவேடுகளை வைத்திருக்கும் கேடன் மியூசியத்திலிருந்து வாங்கிய சான்றிதழ், வண்டியின் அடையாள நம்பர் பொறித்த பளபளவென்ற சேசிஸ் தகடு எல்லாம் மேஜைமேல் அடுக்கி வைத்திருந்தார். நண்பர் பேப்பரைப் பார்த்தே பாதி மயங்கிவிட்டார். நான் காந்தத்தையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

முதலில் பானட்டில் காந்தத்தை வைத்தேன். அந்தக் கால எம்ஜிபி பானட் அலுமினியம், காந்தம் ஒட்டாது. இங்கே டக்கென்று ஒட்டியது. சரி, பானட்தானே, எப்போதாவது விபத்தில் மாற்றியிருக்கலாம். ஒரு பாகத்தை வைத்துத் தீர்ப்பு சொல்லக் கூடாது.

அடுத்து வண்டிக்குப் பின்னால் மண்டியிட்டு ஆக்சிலைப் பார்த்தேன். 1967 வாக்கு வரை கூரையில்லாத திறந்த வண்டிகளில் பான்ஜோ ஆக்சில்தான் வரும். பின்பக்கம் வழவழவென்று உருண்டையாக இருக்கும். அதற்குப் பிந்தையதில் பின்னால் சுற்றிலும் போல்ட் போட்ட மூடி இருக்கும். இதில் போல்ட் போட்ட மூடி. ஆக்சிலும் கழற்றி மாட்டக்கூடிய பொருள்தான். ஆனால் சந்தேகம் இரண்டாகிவிட்டது.

உள்ளே உட்கார்ந்தால் ஆர்பிஎம் மீட்டர் வேலை செய்யவில்லை. “அது சின்ன ரிப்பேர்” என்றார் விற்பவர். டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தேன். மீட்டர் பழைய மாடல், ஸ்பீடோமீட்டர் மாதிரி கேபிளில் சுற்றுவது. 1964 அக்டோபர் வாக்கு வரை எம்ஜிபி எஞ்சினில் கிராங்க் ஷாஃப்டைத் தாங்குவது மூன்று மெயின் பேரிங்தான். அந்த எஞ்சினிலிருந்து கேபிள் வந்து மீட்டரைச் சுற்றும். ஐந்து பேரிங் எஞ்சின் வந்தபோது மீட்டரும் மின்சாரத்துக்கு மாறியது. இங்கே மீட்டரில் கேபிளைக் காணோம், எஞ்சினில் கேபிள் வந்து சேரும் இடத்தையும் காணோம். ஆனால் எஞ்சின் நம்பர் தகட்டில் மட்டும் 18ஜி என்று மூன்று பேரிங் எஞ்சினின் எழுத்து!

இங்கே ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். எம்ஜிபியின் எஞ்சின் நம்பர் பிளாக்கிலேயே வெட்டிய நம்பர் இல்லை. பிளாக்கின் வலது பக்கம் ரிவெட் அடித்த ஒரு சின்னத் தகடு, அவ்வளவுதான். பழையதைப் பெயர்த்து வேறு பிளாக்கில் அடிக்க அரைமணி நேரம் போதும். சேசிஸ் தகடும் அப்படித்தான். வெற்றுத் தகடு உதிரிபாகக் கடையில் புதிதாகவே கிடைக்கிறது. துரு தின்ற தகட்டை மாற்ற நல்லவர்களும் வாங்குகிறார்கள், மற்றவர்களும் வாங்குகிறார்கள். ஆகவே எண்ணைப் படிப்பதற்கு முன் ரிவெட்டைப் பாருங்கள். சுற்றியிருக்கும் பெயின்ட்டுக்கு அறுபது வயது, ரிவெட்டுக்கு மட்டும் போன வாரப் பளபளப்பு என்றால் காரணம் கேளுங்கள்.

இனி டிரான்ஸ்மிஷன் டனல், அதாவது இரண்டு சீட்டுக்கு நடுவே கியர்பாக்ஸை மூடிக்கொண்டு போகும் மேடு. 1967 கடைசியில் மார்க் 2 என்ற அடுத்த மாடல் வந்தபோது எல்லா கியருக்கும் சிங்க்ரோ (கியர் உரசாமல் விழ உதவுவது) உள்ள பெரிய கியர்பாக்ஸ் போட்டார்கள். அதற்கு இடம் விட மேட்டையே அகலமாக்கி, தலையைத் தட்டையாக்கினார்கள். இதைக் கழற்றி மாட்ட முடியாது. பாடியோடு பாடியாக வெல்டு ஆன இரும்பு. மாற்ற வேண்டுமானால் தரையையே வெட்ட வேண்டும், அவ்வளவு மெனக்கெடுகிறவன் ஏமாற்ற வரமாட்டான். கார்ப்பெட்டைத் தூக்கினேன். அகலமான மேடு. அதன் ஓரத்தில், ஸ்ப்ரே கன் எட்டாத மூலையில், மஞ்சள். ஹார்வெஸ்ட் கோல்டு என்று 1970களில் அடித்த நிறம் அது.

வெளியே ஐரிஸ் புளூ, சான்றிதழிலும் ஐரிஸ் புளூ, அடியில் மஞ்சள். செத்துப்போன ஒரு 1964 வண்டியின் தகடு, கதவு, லாக்புக் மூன்றையும் எடுத்து, பத்து வருடம் இளைய உடம்பில் ஏற்றியிருக்கிறார்கள். இதை விற்பவரே செய்தாரா, அவரும் இப்படி ஏமாந்துதான் வாங்கினாரா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

பழைய நிறத்தைத் தேட வேறு நல்ல இடங்களும் உண்டு. டேஷ்போர்டின் பின்புறம், கதவு அட்டையைக் கழற்றினால் தெரியும் உட்பக்கம், டிக்கி மூடியின் சட்டத்துக்குள். டிங்கரிங் தெரிந்தவர் கூட இருந்தால் பட்டி பார்த்த இடத்தையும் தட்டிச் சொல்லிவிடுவார்.

அப்படியானால் கேடன் சான்றிதழ் வீணா? இல்லவே இல்லை. வார்விக்‌ஷயரில் கேடன் என்ற ஊரிலிருக்கும் பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் தொழிற்சாலைப் பதிவேடுகள் இருக்கின்றன. சேசிஸ் நம்பரைக் கொடுத்தால் அந்த வண்டி எந்தத் தேதியில் கட்டப்பட்டது, என்ன நிறம், எந்த எஞ்சின் நம்பர், எங்கே அனுப்பினார்கள் என்று எடுத்துத் தருவார்கள். அந்த நம்பரோடு ஆபிங்டனிலிருந்து கிளம்பிய வண்டி எப்படி இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. உங்கள் முன்னால் நிற்பது அந்த வண்டிதானா என்பது மட்டும் அதில் இருக்காது.

நம்பரைப் படிப்பதும் எளிதுதான். ஜிஎச்என்3 என்றால் ஜி எம்ஜியைக் குறிக்கும், எச் எஞ்சின் அளவை, என் இரண்டு சீட்டுத் திறந்த வண்டியை. கூரை வைத்த ஜிடிக்கு என் இடத்தில் டி. கடைசி எண் வரிசை: 3 முதலாவது, 4 மார்க் 2, 5 அதற்கு அடுத்தது. பின்னால் எல் இருந்தால் இடது பக்க ஸ்டீயரிங், யு இருந்தால் அமெரிக்காவுக்குப் போனது. எம்ஜிபியில் பெரும்பங்கு அமெரிக்காவுக்குத்தான் போனது. துருப்பிடிக்காத கலிஃபோர்னியா வண்டிகளைத் திரும்பக் கொண்டுவந்து ஸ்டீயரிங்கை வலது பக்கம் மாற்றி விற்கிறார்கள். அதில் தப்பில்லை. “பிறந்ததிலிருந்து இங்கிலாந்து வண்டி” என்று சொல்லிவிட்டு, ஃபெண்டரின் பக்கவாட்டில் அமெரிக்க வண்டிக்கு வைக்கும் சின்ன விளக்கு இருந்த ஓட்டையைப் பட்டி வைத்து அடைத்திருந்தால்தான் தப்பு. லாக்புக்கில் முதல் பதிவுத் தேதி வண்டியின் வயதுக்கு மிகவும் பிந்தி இருந்தாலும் இதையே யோசியுங்கள்.

எஞ்சின் நம்பர் பொருந்தாவிட்டால் பதற வேண்டாம். இந்த எஞ்சின்கள் உழைத்துத் தேய்ந்தவை. கம்பெனியே புதுப்பித்துக் கொடுத்த கோல்டு சீல் எஞ்சின் போட்ட வண்டிகள் நிறைய. நம்பர் 18வி என்று ஆரம்பிக்கும் எஞ்சின்களில் மோரிஸ் மெரீனா என்ற வேறொரு காரிலிருந்து கழற்றி மாட்டியதும் வரும். அதேபோல 1988 முதல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் புத்தம்புது எம்ஜிபி பாடியே செய்து விற்கிறது. அதில் மாற்றிக் கட்டிய வண்டி நல்ல வண்டிதான், ரசீதைக் காட்டி அந்த விலைக்கு விற்றால்.

நண்பர் அந்த நீல வண்டியை விட்டுவிட்டார். வீடு வரும்வரை என்னோடு பேசவில்லை. நாலு மாதம் கழித்து ஒரு 1973 ஜிஎச்என்5 வாங்கினார். அதன் எஞ்சின் தகடு இருந்த இடத்தில் இரண்டு ரிவெட் ஓட்டை மட்டும்தான். ஆனால் விற்ற பாட்டி, கணவர் எஞ்சின் மாற்றியபோது வாங்கிய ரசீதை பிஸ்கட் டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நிறம் ஹார்வெஸ்ட் கோல்டு. கார்ப்பெட்டுக்கு அடியிலும்.